காபியில் கொஞ்சம் காற்று

கரும்பு அரைக்கிற சீஸனில் முண்டியம்பாக்கம் ஸ்டேஷனுக்கு போர்டே தேவையில்லை. மூக்கு சொல்லிவிடும். எதிர் சீட் இளைஞர், கையில் காபியோடு, ஆலைப் புகைபோக்கியைக் காட்டினார். "இதுங்கதான் சார் உலகத்தையே சூடாக்குது!"

"அவசரப்படாதீங்க தம்பி" என்றேன்.

கரும்பு, காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடைக் குடித்துத்தான் வளர்கிறது. ஒரு கிலோ சர்க்கரையில் சுமார் 420 கிராம் கார்பன். அத்தனையும் காற்றிலிருந்து வந்த சரக்கு! சக்கையைக் கொதிகலனில் எரித்தால் அது புகையாகத் திரும்பிப் போகிறது. சர்க்கரையைக் காபியில் போட்டுக் குடித்தால் உங்கள் மூச்சாகத் திரும்பிப் போகிறது. அடுத்த போகக் கரும்பு மறுபடி இழுத்துக்கொள்ளும். சீட்டுப் பணம் மாதிரி, ஊருக்குள்ளேயே சுற்றுகிற கார்பன்.

வில்லங்கம் தெற்கே, நெய்வேலியில். அங்கே இருப்பது பழுப்பு நிலக்கரி. கோடி வருஷத்துக்கு முந்தைய காடுகள் மண்ணுக்குள் போட்டுவைத்த ஃபிக்ஸட் டெபாசிட். 1960-களிலிருந்து அதை உடைத்துச் செலவழிக்கிறோம். உலகம் பூராவும் இதே கதைதான். 1958-ல் ஹவாய் தீவின் மௌனா லோவாவில் அளந்தபோது, காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு கார்பன் டை ஆக்ஸைடு. 2024-ல் 420-ஐத் தாண்டியாச்சு. பூமிக்குக் கம்பளி தடித்துக்கொண்டே போகிறது.

"அப்ப கரும்பு ரொம்ப நல்லவன்?"

"லாரி டீசலையும் யூரியாவையும் கணக்கில் சேர்க்காதவரை!"

கொஞ்ச நேரம் யோசித்தவர் கேட்டார்: "நம்ம ரயில் எதுல சார் ஓடுது?"

"கரண்ட்ல."

"கரண்ட்?"

விழுப்புரம் வரை இரண்டு பேரும் புகைபோக்கியைத் திட்டவில்லை.