ஆளுக்கொரு படுக்கை
கோவில்பட்டிப் பக்கம் இரட்டைப்பிள்ளை பிறந்த வீடுகளில், ஆச்சியின் பழைய நூல்சேலையை உத்தரத்தில் கட்டி இரண்டையும் ஒரே தொட்டிலில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இரட்டையரில் பலர் நாள் முந்தி, எடை குறைந்து பிறப்பவர்கள். துணியின் வளைவில் தாடை நெஞ்சோடு ஒட்டினால் மூச்சு முட்டும், அழக்கூடத் தெம்பிருக்காது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2022 வழிகாட்டுதலும் ஆளுக்குத் தனிப்படுக்கை, மல்லாந்த தூக்கம், பெற்றோர் படுக்கும் அதே அறை என்றுதான் சொல்கிறது. தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் இரண்டு மரத்தொட்டில் வாங்க முடியாதுதான். பாயின் மேல் மெத்தென்று அமுங்காத, சமமான விரிப்புகள் இரண்டு போதும், தலையணை கூடாது. கரிசல் வீட்டுத் தரையில் பூரான் வரும், ஆகவே ஆளுக்கொரு குடைக் கொசுவலை கட்டாயம். சீர் கொண்டுவரும் தாய்மாமன் வெள்ளிக் கொலுசுக்கு முன்னால் அதை வாங்கட்டும்.