‘அதிகார்’ என்றால் உரிமை என்று பொருள்

சென்ற வாரம் எங்கள் வளாகக் கருத்தரங்கில், மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு உதவிகள் உரியவர்களைச் சென்றடையாமைக்குக் காரணம் கூறிய பேராசிரியர் ஒருவர், ‘மக்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அரங்கம் தலையசைத்தது. என்னால் இயலவில்லை. இரு செவிகளிலும் கேட்கும் திறன் குறைந்தவன் நான். வடமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு செய்துகொண்டே, நான்கு ஆண்டுகளாகச் சக மாணவர்களின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்து வருகிறேன். என்னிடம் வருவோரின் கேள்விகளில் அறியாமையை நான் கண்டதில்லை. அவை ஒவ்வொன்றும் ஏதோவொரு அலுவலக வாசலில் பட்ட அடியின் தழும்பு.

‘தமிழ்நாட்டில் வாங்கிய சான்றிதழ் இங்கே செல்லுமா?’ செல்லும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 58, அது நாடு முழுவதும் செல்லத்தக்கது என்று ஐயத்துக்கிடமின்றிக் கூறுகிறது. ஆயினும் என் உதவித்தொகைக் கோப்பைக் கையாண்ட அலுவலகம் ‘இம்மாநிலச் சான்று வேண்டும்’ என்றது. சட்டப் பிரிவைக் காட்டினேன். ‘மேலிடத்து உத்தரவு’ என்றார்கள். அந்த உத்தரவை எவரும் கண்ணில் காட்டவில்லை. மருத்துவமனைக்குப் போனேன். செவித்திறன் சோதனைக்காகக் காத்திருந்த எங்களை, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தார்கள். காது கேளாதோரைக் கூவி அழைக்கும் ஏற்பாடு அது! முறை தவறியவர்களிடம் ‘கூப்பிட்டபோது எங்கே போனாய்?’ என்று கடிந்துகொண்டார்கள். என் முறை வர மூன்று நாள் அலைந்தேன். இங்கே விழிப்புணர்வு இல்லாதவர் யார்?

‘40 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் ஒன்றுமே இல்லையா?’ உயர்கல்வியில் 5 விழுக்காடு, அரசுப் பணியில் 4 விழுக்காடு என்னும் இடஒதுக்கீட்டுக்கு அந்த 40 தேவைதான். ஆனால் சட்டத்தின் எல்லா வாசல்களுக்கும் அதுவே பூட்டன்று. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புடைய குடிமைப் பணித் தேர்வர் ஒருவரின் வழக்கில், தேர்வெழுத உதவியாளர் பெற 40 விழுக்காடு முன்நிபந்தனையன்று என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பைப் படிக்காத தேர்வுப் பிரிவின் முன் அதன் நகலோடு நிற்க வேண்டியவர் மாணவரே.

‘ஓய்வூதியம் எவ்வளவு வரும்?’ ஒன்றிய அரசின் இந்திரா காந்தி தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் 80 விழுக்காடு பாதிப்பும் வறுமைக்கோட்டுக்குக் கீழான வாழ்வும் இருந்தால், 79 வயதுவரை மாதம் 300 ரூபாய். 2012இல் நிர்ணயித்த தொகை இது. மாநில அரசுகள் சேர்த்துத் தருவது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இத்தொகைக்காக ஒருவர் எத்தனை நாள் கூலியை இழந்து எத்தனை வரிசைகளில் நிற்கிறார் என்பதை எந்தக் கருத்தரங்கும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

‘நிராகரித்துவிட்டார்கள், அடுத்து என்ன?’ பிரிவு 59இன்படி மேல்முறையீடு செய்யலாம். விதிகள் அதற்கு 90 நாள் தருகின்றன. சான்றிதழ் வழங்க அரசுக்கு 2017ஆம் ஆண்டு விதிகள் ஒரு மாதம் தந்தன. 2024இல் அது மூன்று மாதமாயிற்று. தாமதித்தவருக்குக் கெடு நீள்கிறது. தாமதத்தால் நொந்தவருக்கு ஒரு நாளும் நீளவில்லை.

போலிச் சான்றிதழ்கள் உலவுகின்றனவே என்பர். உண்மைதான். போலியைக் கண்டறிவது சான்றளிக்கும் குழுவின் கடமை. வரிசையை நீட்டினால் வசதி படைத்த போலி காத்திருப்பான். கூலிக்குச் செல்லும் உண்மையான பாதிப்பாளர்தான் பாதியில் திரும்பிப் போவார்.

மொழியியல் மாணவனாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தியில் இச்சட்டத்தின் பெயரில் ‘அதிகார்’ என்ற சொல் இருக்கிறது. அங்கே அதற்கு உரிமை என்று பொருள். தமிழில் அதிகாரம் என்றால் ஆளும் ஆற்றல். சொல் ஒன்று, பொருள் வேறு என்று வகுப்பில் எடுத்துக்காட்டுத் தருவோம். இந்தி பேசும் ஊரின் அலுவலகச் சாளரத்தின் முன் நிற்கும்போதுதான், அங்கும் தமிழ்ப் பொருளே ஆட்சி செய்வது புலனாகிறது. அரசுக் குறிப்புகளில் நாங்கள் ‘லாபார்த்தி’, தமிழில் ‘பயனாளி’; உரிமையுடையவர் என்று எவரும் எழுதுவதில்லை. நிராகரிப்புக் கடிதமோ ‘விண்ணப்பம் ஏற்கப்படவில்லை’ என்று செயப்பாட்டு வினையில் முடிகிறது. ஏற்காதவர் யார் என்பதற்கு அவ்வாக்கியத்தில் எழுவாயே கிடையாது.

ஆகவே, இதைப் படிக்கும் மாணவர்களே, வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். யார், எந்தப் பிரிவின்கீழ், எந்த நாளில் மறுத்தார் என்று எழுத்தில் கேளுங்கள். அரசு நிறுவனம் ஒவ்வொன்றும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது பிரிவு 23. பதிவான புகாரை அவர் இரு வாரங்களுக்குள் விசாரித்தாக வேண்டும். பேராசிரியர்களே, உங்கள் நிறுவனத்தில் அந்த அலுவலர் யார் என்று நாளை காலை விசாரித்துப் பாருங்கள். விடை கிடைக்காவிட்டால், விழிப்புணர்வு முகாமை எங்கே தொடங்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.