சைக்கிளின் ‘கடக்’ சத்தத்தைக் கேளுங்கள்



முல்லைத்தீவுப் பக்கத்தில் சைக்கிள் வெறும் வாகனமல்ல. வீட்டு ஆட்களில் ஒன்று. 1990களில் வன்னிக்கு எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது நெல் மூட்டையும் விறகும் நோயாளியும் சைக்கிளிலேதான் போனார்கள். வானொலி கேட்பதற்குக்கூட சைக்கிள் டைனமோவைச் சுற்றினார்கள். 1990 அக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளம் முதலிய இடங்களில் வாழ்ந்து, 2009க்குப் பின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் என்று ஊர் திரும்பிய நம் குடும்பங்களுக்கும் பாடசாலைக்கும் சந்தைக்கும் சைக்கிள்தான் துணை. 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது, மூலையில் கிடந்த பழைய வண்டிகளும் தூசு தட்டப்பட்டு வெளியே வந்தன.

இந்த வண்டிகளை மிதிக்கும் பலமெல்லாம் போய் விழும் இடம் ஒன்று உண்டு. இரண்டு பெடல் தண்டுகளையும் இணைக்கும் அச்சுதான் அது. கடையில் ‘பி.பி. அச்சு’ என்பார்கள். சட்டத்தின் அடியிலுள்ள குழாய்க்குள் அது கிடக்கிறது. இருபுறமும் ஒவ்வொரு கப். கப்புக்குள் இரும்புக் குண்டுகள். குண்டுகளைச் சுற்றிக் கிரீஸ். கிரீஸ் காய்ந்து மணலும் தண்ணீரும் புகுந்தால் குண்டுகள் தேயும். அப்போதே கவனித்தால் குண்டும் கிரீஸும் மாற்றினால் போதும். கவனிக்காமல் ஓட்டினால் அச்சும் கப்பும் குழி விழும். சிறு செலவு பெருஞ்செலவாகும்.

நோய் எங்கே?

‘கடக், கடக்’ என்ற சத்தம் கேட்டவுடன் அச்சைக் குறை சொல்லிவிடாதீர்கள். மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

முதலாவது: பெடலை மட்டும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அது மட்டும் ஆடினால் குறை பெடலில்தான்.

இரண்டாவது: தண்டுகள் முன்னும் பின்னும் கிடைமட்டமாக நிற்க, இரு பெடல்களையும் ஒரே நேரத்தில் கீழ்நோக்கி அழுத்துங்கள். பிறகு தண்டுகளை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி அழுத்துங்கள். ஒரு தண்டு மட்டும் ‘டக்’ என்று இறங்கினால் கொட்டர் பின் தளர்ந்திருக்கிறது. இதை அசட்டை செய்யக்கூடாது. பிள்ளையைக் கரியரில் வைத்து மிதிக்கும்போது பின் வழுக்கினால் கால் தவறும். இருவரும் விழ நேரிடும்.

மூன்றாவது: தண்டின் நுனியைப் பிடித்துச் சட்டத்தை நோக்கித் தள்ளி, வெளியே இழுங்கள். இரு தண்டுகளும் சேர்ந்தே ஆடினால் குறை அச்சில். பின்னர் செயினைப் பல்சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டுத் தண்டைச் சுழற்றுங்கள். அம்மியில் அரைப்பதுபோல் கரகரப்பு கையில் தெரிந்தால் உள்ளே கிரீஸ் இல்லை, அல்லது குழி விழுந்துவிட்டது.

கழற்றும் முறை

லுஹர் தொழுகை முடிந்து தொடங்கினால், முதல் தடவையென்றாலும் அஸருக்குள் முடித்துவிடலாம். பொருத்தமான ஸ்பானர், சுத்தியல், கனமான சிறு குழாய்த் துண்டு, மண்ணெண்ணெய், பழந்துணி, கிரீஸ் ஆகியவை வேண்டும். வண்டியின் கீழே வெள்ளைத் துணி விரியுங்கள். உருண்டோடும் குண்டு மணலில் விழுந்தால் கிடைக்காது. அடுப்பு எரியும் இடத்தில் மண்ணெண்ணெய் வேண்டாம்.

முதலில் கொட்டர் பின். நட்டை முழுவதும் கழற்றாமல், பின்னின் நுனியோடு சமமாக நிற்கும்வரை தளர்த்துங்கள். அப்போதுதான் அடிபடும்போது மரை கெடாது. தண்டின் அடியில், பின்னின் தலை உள்ளே இறங்கும்படி குழாய்த் துண்டை நிலத்திலிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்தி, நட்டின்மேல் ஓங்கி ஒரு அடி அடியுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி குண்டுகளுக்கும் கப்புக்கும் போகும். இரு தண்டுகளையும் இவ்வாறே கழற்றுங்கள்.

அடுத்து இடது பக்கம். வெளியே தெரியும் பூட்டு வளையத்தையும் அதன் பின் கப்பையும் கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்பினால் கழலும். அச்சு அந்த வழியாகவே வெளியே வரும். அச்சின் இரு முனைகளும் பெரும்பாலும் ஒரே நீளமாக இரா. எது செயின் பக்கம் என்று நூல் கட்டி அடையாளம் வையுங்கள்.

வலது கப்பில் குழி இல்லையென்றால் அதைத் தொடவேண்டாம். இருந்த இடத்திலேயே துடையுங்கள். மாற்றத்தான் வேண்டுமென்றால், நம் பழைய மாதிரி வண்டிகளில் அதன் மரை எதிர்ப்பக்கமானது என்பதை நினைவில் வையுங்கள். கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் மறுபக்கம் பலம் காட்டினால் இன்னும் இறுகும். மிதிக்கும்போது கப் தானாகக் கழன்றுவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு.

எதை மாற்றுவது?

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். குண்டு ஓடிய தடத்தில் விரல் நகத்தை இழுத்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் அச்சும் கப்பும் இன்னும் உழைக்கும். நகம் தடக்கினால் மாற்றவேண்டும். கடைக்குப் போகிறவர் கையில் பழைய அச்சையும் கப்பையும் ஒரு குண்டையும் கொடுத்தனுப்புங்கள், அளவு தவறாது. குண்டுகள் பெரும்பாலும் கால் அங்குலம், பக்கத்துக்கு 11. கழற்றும்போதே எண்ணிக்கொள்ளுங்கள். பழையதும் புதியதும் கலக்காமல் அனைத்தையும் மாற்றுவதே நல்லது. கொட்டர் பின்களையும் புதிதாக வாங்குங்கள்.

பூட்டும் முறை

கப்பில் தாராளமாகக் கிரீஸ் பூசி, குண்டுகளை அதிலே பதியுங்கள், விழாது. தேங்காயெண்ணெய் வேண்டாம். அச்சைச் செலுத்தி இடது கப்பைப் பூட்டுங்கள். ஆட்டம் நிற்கும்வரை இறுக்கி, ஒரு மயிரிழை தளர்த்துங்கள். அச்சு ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. கப் திரும்பாமல் பிடித்துக்கொண்டு பூட்டு வளையத்தை இறுக்கி, மறுபடி சோதியுங்கள். வளையம் இறுகும்போது கப்பும் சற்று நகர்வதுண்டு.

கொட்டர் பின்களை எதிரெதிராகப் போடவேண்டும். ஒன்றின் நட்டு மேலே இருந்தால் மற்றதன் நட்டு கீழே. மாறிப்போட்டால் தண்டுகள் ஒரே நேராக நில்லா. முட்டுக்கொடுத்துத் தட்டியபின் நட்டை இறுக்குங்கள். ஒருநாள் ஓட்டியபின் மறுபடியும் இறுக்குங்கள், இதை மறக்கவேண்டாம்.

புதிய வண்டிகள் சிலவற்றில் அச்சும் குண்டும் ஒரே மூடிய உருளைக்குள் இருக்கும். அதற்குத் தனிக்கருவி வேண்டும். கடையில் கொடுத்து முழுதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

வருமுன் காக்க

இருக்கைக் குழாய் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் அச்சுக் குழாயில்தான் தேங்குகிறது. எனவே வண்டியை மழையில் விடாதீர்கள். வாளித் தண்ணீரை அடித்துக் கழுவாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வெள்ளத்தில் தள்ளிச் சென்ற வண்டியை அந்த மாதமே திறந்து பாருங்கள். அபாயாவின் ஓரம் மாட்டாதிருக்கச் செயின் கவரையும் கழற்றிப் போடாதீர்கள்.

ஐப்பசியில் தொடங்கும் மழை தை மாதத்தில் ஓயும். வருடத்துக்கு ஒருமுறை அப்போது இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். குண்டுகளை எண்ணும் வேலையை மகளிடம் கொடுங்கள். அடுத்த வருடம் ஸ்பானரையும் அவள் கையிலே கொடுக்கலாம்.