கோயில் வேண்டாம், கைப்பிடி வேண்டும்

தமிழில் தாய்மார்களுக்குப் பஞ்சமில்லை. திரைப்படங்களில், பட்டிமன்ற மேடைகளில், மே மாத இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை வாழ்த்துகளில், ஆட்டோக்களின் பின்புறத்தில் எங்கெங்கும் அவள் நிறைந்திருக்கிறாள். அவள் இல்லாமல் போகும் இடம் ஒன்று உண்டு. எலும்பு மருத்துவரின் அறைக்குள் அவளுக்காகப் போடப்பட்ட நாற்காலியில் அவளே அமர்ந்திருக்கும்போது, அங்கே அவள் இல்லை. மருத்துவர் மகனைப் பார்த்துக் கேட்கிறார்: "அம்மாவுக்கு எத்தனை நாளா வலி?" மகன் உத்தேசமாக ஏதோ சொல்கிறான். நாலு வருடமாக ஒவ்வொரு இரவும் அந்த வலியோடு படுத்து எழுந்தவள் சுவரில் மாட்டியிருக்கும் எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நாம் இங்கே முன்வைக்கும் குற்றச்சாட்டு இதுதான்: தாயைத் தெய்வமாக்கும் நமது சொல்லாடல், தாயின் உடலைப் பேணும் வேலைக்கு எதிராகவே இயங்கிவருகிறது. தெய்வத்துக்கு முழங்கால் வலிக்காது. தெய்வத்தைப் படியேற்றிவிட ஆள் வேண்டியதில்லை. தெய்வத்தின் முன் பக்தன் உருகினால் போதும், மற்ற வேலைகளைப் பூசாரி பார்த்துக்கொள்வார். நம் வீடுகளில் அந்தப் பூசாரியின் பெயர் மருமகள், அல்லது பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்ட மகள்.

இலக்கிய அன்பர்கள் கோபிக்கக் கூடாது. நம் மரபுக்கும் இதில் பங்குண்டு. கொன்றை வேந்தன் தொடங்குவதே தாய் தந்தையரைத் தெய்வமென்று சொல்லித்தான். போர்க்களத்தில் கிடக்கும் உடல்களைப் புரட்டி மகனைத் தேடும் தாயைப் புறநானூறு பாடியிருக்கிறது. தாயின் சிதைக்குத் தீ வைக்கும் நேரத்தில் பட்டினத்தார் பாடியதாக வழங்கும் பாடல்களைக் கேட்டுக் கலங்காதவர் எவருமில்லை. கருவறைக்கும் பாட்டு உண்டு, சிதைக்கும் பாட்டு உண்டு. அறுபது வயதுக்கும் சிதைக்கும் நடுவில் கிடக்கும் அந்த இருபது ஆண்டுகளுக்கு, மகன் தாயின் காலைத் தாங்கிப் பிடித்துப் பத்துவரை எண்ணும் அந்தக் காலத்துக்கு, ஒரு பாட்டாவது நினைவுக்கு வருகிறதா என்று வாசகர்கள் யோசித்துப் பார்க்கட்டும். நவீனச் சிறுகதையாளர்கள் இதைச் செய்திருக்கலாம். அவர்களில் பெரும்பாலோர் முதியோர் இல்லத்து வாசலில் மகன் காரை நிறுத்தும் காட்சியோடு கதையை முடித்துக்கொண்டார்கள். மகனை வில்லனாக்கிவிட்டால் கதை முடிந்துவிடுகிறது. ஆனால் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, வேளாவேளைக்குச் சோறும் போட்டு, கால் மடங்காமல் போகவிட்ட நல்ல மகன்களைப் பற்றி யார் எழுதுவது?

*

மூட்டு மாற்று அறுவையை எடுத்துக்கொள்வோம். இன்று அது அரிய சிகிச்சையல்ல. தெருவுக்கு ஒருவராவது செய்துகொண்டிருக்கிறார்கள். அறுவைக்கு முன் குடும்பமே திரண்டு நிற்கிறது. எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர், எந்த நாட்டு மூட்டு என்று விவாதம் அனல் பறக்கிறது. அறுவை நாளன்று வெளியூரிலிருந்தெல்லாம் உறவினர் வந்து இறங்குகிறார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் குவிகின்றன. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அம்மா வீடு திரும்புகிறாள். அத்தோடு கூட்டம் கலைந்துவிடுகிறது.

உண்மையில் சிகிச்சையின் பாதி அப்போதுதான் தொடங்குகிறது. உலோக மூட்டு தானாக மடங்காது. அதை மடக்குவது தொடைத் தசை. வலியால் பல ஆண்டுகள் பயன்படாமல் இளைத்துப்போன தசை அது. அறுவையின் வீக்கம் அதை மேலும் முடக்குகிறது. கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, தொடையை இறுக்கி ஐந்து வினாடி நிறுத்துவது, குதிகாலைப் படுக்கையில் இழுத்து முழங்காலை மடக்குவது, காலை நீட்டியபடியே தூக்குவது: பார்ப்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும் இவற்றை நாளுக்கு மூன்று வேளை, வாரக்கணக்கில் செய்தாக வேண்டும். சமதரையில் நடக்க முழங்கால் ஏறத்தாழ 70 பாகை மடங்கினால் போதும். படியேற 90 பாகையாவது வேண்டும். தாழ்ந்த நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ அதற்கும் மேலே வேண்டும். முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் இதை எட்டாவிட்டால் உள்ளே வடுத்திசு இறுகி மூட்டு விறைத்துவிடுகிறது. பிறகு மயக்கமருந்து கொடுத்துக் காலை வலிந்து மடக்க வேண்டி வரலாம். லட்சக்கணக்கில் செலவழித்துப் பொருத்திய மூட்டு, நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்க ஆளில்லாமல் வீணாகிறது.

ஏன் இப்படி? பயிற்சிக்கு நம்மிடம் மரியாதை இல்லை என்பதே காரணம். மாத்திரைக்கு நிறம் இருக்கிறது, ஊசிக்கு வலி இருக்கிறது, ஸ்கேனுக்குப் படம் இருக்கிறது. பயிற்சிக்கு என்ன இருக்கிறது? "காலைத் தூக்கி இறக்கறதுக்கு முந்நூறு ரூபாயா?" என்று கேட்பவர்கள், அதே நாளில் ஆயிரம் ரூபாய்க்குச் சத்து மாவு வாங்கித் தருகிறார்கள். பிசியோதெரபி என்றால் கரன்ட் வைப்பது என்றே பலர் எண்ணியிருக்கிறார்கள். கருவியை ஒட்டவைத்துப் பதினைந்து நிமிடம் படுக்கவைத்து அனுப்பிவிடும் நிலையங்களும் அந்த எண்ணத்தை வளர்த்துவிட்டன. கரன்ட் வலியைச் சற்றே தணிக்கும், அவ்வளவுதான். தசையை வளர்ப்பது அவளுடைய உழைப்பு. அந்த உழைப்புக்குத் துணை வேண்டும்.

துணை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசி பார்ப்பதல்ல. வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி முன்னதாகக் கொடுக்கத் தெரிய வேண்டும். கைத்தடியை வலிக்காத பக்கத்துக் கையில்தான் பிடிக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். படியேறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே என்பது தெரிய வேண்டும். சாதாரண வலி எது, கெண்டைக்கால் வீங்கிச் சூடாகி உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய வலி எது என்று பிரித்தறிய வேண்டும். இவை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை. வீட்டுக்கடன் வட்டி விகிதத்தை விரல் நுனியில் வைத்திருக்கும் ஆண்கள் இதைக் கற்காமல் இருப்பதற்கு அறிவுக்குறைவு காரணமல்ல.

*

"அம்மா ஒத்துழைக்க மாட்டேன் என்கிறாள்" என்பது நாம் எங்கும் கேட்கும் புகார். அவள் பிடிவாதக்காரி, குழந்தை மாதிரி அடம் பிடிக்கிறாள் என்று சொல்லிவிடுகிறோம். அவள் ஏன் மறுக்கிறாள் என்று கேட்டவர் எத்தனை பேர்? அறுபத்தெட்டு வயதுவரை கணுக்காலுக்கு மேல் புடவை விலகாமல் வாழ்ந்தவளை, திரைச்சீலை மட்டுமே தடுப்பாக இருக்கும் அறையில், பேரன் வயதுள்ள இளைஞனிடம் முழங்காலைக் காட்டச் சொல்கிறோம். தளர்வான கால்சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தால், பெண் பயிற்றுநர் இருக்கும் நேரத்தைக் கேட்டு அழைத்துப்போனால், பாதிப் பிடிவாதம் கரைந்துவிடும். மீதிப் பாதி, "பசங்களுக்கு எதுக்குத் தொந்தரவு" என்ற நினைப்பு. தன் தேவையைச் சொல்லாமல் இருப்பதே தாய்மையின் இலக்கணம் என்று அவளுக்கு வாழ்நாள் முழுவதும் கற்பித்தவர்கள் நாம்தான். இப்போது அவள் வலியைச் சொல்வதில்லை என்று குறைபட்டுக்கொள்கிறோம்.

மருத்துவமனைகளின் கதை தனி. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கக் காலை ஏழு மணிக்கு வரச்சொல்லி ஒன்பது மணிக்கு எடுக்கிறார்கள். சர்க்கரை நோயாளிக்குத் தலை சுற்றுவதை எவரும் பொருட்படுத்துவதில்லை. பத்து மணிக்கு டோக்கன் வாங்கினால் மருத்துவர் ஒரு மணிக்கு வருகிறார். கழிப்பறை அடுத்த கட்டடத்தில் இருக்கிறது. அதற்கு அஞ்சி அவள் காலையிலிருந்து தண்ணீர் குடித்திருக்க மாட்டாள். நமக்குத் தெரிந்த பிசியோதெரபி நிலையம் ஒன்று மாடியில் இயங்குகிறது, மின்தூக்கி கிடையாது. நடக்க முடியாதவர்களுக்கு நடக்கக் கற்றுத்தரும் இடத்துக்கு இருபத்திரண்டு படி ஏறிப் போக வேண்டும். இதைவிடக் கசப்பான அங்கதத்தை எந்த எழுத்தாளனும் கற்பனை செய்துவிட முடியாது.

சர்க்கரைக்கு ஒரு மருத்துவர், ரத்த அழுத்தத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர். ஒருவர் எழுதிய சீட்டு மற்றவருக்குத் தெரியாது. மூட்டு வலிக்கென்று மாதக்கணக்கில் விழுங்கும் வலி நிவாரணிகள், சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவரின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். எல்லாச் சீட்டுகளையும் ஒரே கோப்பில் வைத்து ஒவ்வொருவரிடமும் காட்டுவது உடன் செல்பவரின் முதல் கடமை. உடலை முழுதாகப் பார்க்கும் முதியோர் மருத்துவம் என்ற துறை நமக்குப் புதியதன்று. 1978இலேயே மருத்துவர் வி.எஸ். நடராசனின் முயற்சியால் சென்னை அரசு பொது மருத்துவமனையில் அதற்கென வெளிநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கான பட்டமேற்படிப்பும் வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆனாலும் மாவட்டத் தலைநகரைத் தாண்டினால் முதியோர் மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று தேடத்தான் வேண்டியிருக்கிறது.

*

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது எளிது, அது உண்மையல்ல. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுகளுக்கு உச்சவிலை நிர்ணயித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமிய மூட்டின் விலை வரி நீங்கலாக 54,720 ரூபாயாக இறங்கியது. 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் ஓர் அங்கம். இது போற்றத்தக்க முன்னோடி. 2024 அக்டோபர் 29 முதல் எழுபது வயது கடந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆயுஷ்மான் பாரத் காப்பீடு விரிவுபடுத்தப்பட்டது.

இங்கேதான் நமது சண்டை. அந்தக் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. வீடு திரும்பியபின் 15 நாள் வரையிலான செலவோடு அது கைகழுவிவிடுகிறது. முழங்கால் திரும்பி வரக் குறைந்தது ஆறு வாரமாகும் என்று பார்த்தோம். இரும்புக்குக் காசு உண்டு, தசைக்குக் காசு இல்லை என்றால் அந்த இரும்பால் யாருக்கு என்ன பயன்?

சட்டப் புத்தகத்திலும் குறைவில்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மருத்துவமனைகளில் மூத்தோருக்குத் தனி வரிசை வேண்டும் என்கிறது. மாவட்ட மருத்துவமனைதோறும் முதியோர் பராமரிப்பில் அனுபவமுள்ள மருத்துவ அதிகாரியின் தலைமையில் தனி வசதி வேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மருத்துவமனை மட்டுமன்றித் தனியார் மருத்துவமனையும் தடையற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. இச்சட்டங்கள் செய்தித்தாளில் இடம்பெறுவது, சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு தாயைத் துரத்திய மகன் நீதிமன்றம் ஏறும்போதுதான். இங்கும் வில்லன் மகனோடு நமது ஆர்வம் தீர்ந்துவிடுகிறது. தனி வரிசை எங்கே என்று கேட்டு ஒரு மனு எழுத நமக்குக் கை வருவதில்லை.

வேலை செய்யும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை வளர்ப்புக்கென்று பணிக்காலத்தில் 730 நாள் விடுப்பு உண்டு, நியாயமான சலுகை. பெற்றோரைப் பேணுவதற்கென்று அப்படியொரு தனி விடுப்பு இல்லை. சொந்த விடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். தனியார் நிறுவனங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும் மேலாளர், "அம்மாவைப் பயிற்சிக்கு அழைத்துப்போக வாரம் மூன்று நாள் இரண்டு மணி நேரம்" என்று கேட்டால் முகம் சுளிக்கிறார். எவராவது வேலையை விட்டாக வேண்டும் என்ற நிலை வரும்போது, விடுபவள் பெண்ணாகவே இருக்கிறாள்.

*

"கூட்டுக்குடும்பம் இருந்தவரை இந்தத் தொல்லையெல்லாம் இருந்ததா?" என்று ஒரு பெரியவர் கேட்பார் என்று நமக்குத் தெரியும். இருந்தது ஐயா. கால் மடங்காத கிழவி திண்ணையில் தவழ்ந்தாள். பின்கட்டிலிருந்து கிணற்றடிக்கு உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். வயதானால் அப்படித்தான் என்று வீட்டில் பதினைந்து பேரும் அவளைத் தாண்டிப் போனார்கள். ஆள் நிறைய இருந்தது. கவனிப்பு இருந்தது என்பதற்கு அது சான்றாகாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்திருந்தார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையோ குறைந்துகொண்டே போகிறது. பழம்பெருமை பேசி ஒருவரையும் நடக்கவைக்க முடியாது.

ஆகவே நமது கோரிக்கைகளை வெளிப்படையாகவே வைக்கிறோம். அறுவைக்குக் கிடைக்கும் காப்பீடு அதன்பின் மூன்று மாதப் பயிற்சிக்கும் கிடைக்க வேண்டும். பயிற்சி நிலையங்கள் தரைத்தளத்துக்கு இறங்கி வர வேண்டும், அல்லது மின்தூக்கி வைக்க வேண்டும். மருத்துவர்கள் நோயாளியின் முகம் பார்த்துப் பேச வேண்டும். மகன் நடுவில் பதில் சொன்னால், "அம்மா சொல்லட்டும்" என்று தடுக்க வேண்டும். பெற்றோரைப் பேண ஆணுக்கும் பெண்ணுக்கும் விடுப்பு வேண்டும். ஆண்கள் அதை எடுக்கவும் வேண்டும்.

அரசும் நிறுவனங்களும் மனம் மாறும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே செய்யக்கூடியவையும் உண்டு. அம்மாவின் மருந்துச் சீட்டுகளை ஒரே கோப்பில் அடுக்குங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை அவள் வாயால் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள்; வெளிநாட்டுக் கைக்கடிகாரத்தைவிட அது மலிவு. வெளியூரில் இருப்பவர்கள் பணத்தோடு நேரத்தையும் அனுப்பலாம்: தினமும் மாலை அழைத்து, அவள் காலைத் தூக்க, இந்தப் பக்கமிருந்து பத்துவரை எண்ணுங்கள். அடுத்த ஆண்டு அன்னையர் தினத்துக்குக் கவிதை எழுத உட்காரும் முன், அவளுடைய வலது முழங்கால் இன்று எத்தனை பாகை மடங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.