இயைபு இல்லாத அடி

பிரெஞ்சுக் காதற்கவிதை ஒன்றை ஆராயச் சொன்னால் யாப்பு, இயைபு, அணி என மூன்று தலைப்பிட்டுப் பட்டியல் எழுதுவதே நம் வகுப்பறைகளில் வழக்கமாகிவிட்டது. பட்டியலிடுவது பிழையன்று, அதனோடு நின்றுவிடுவதே பிழை. கியோம் அப்போலினேரின் ‘மிராபோ பாலம்’ இதற்குத் தக்க சான்று.

முதலில் அளவை. ஆங்கிலச் சீர்களை இங்கே தேடுவது வீண். பிரெஞ்சு யாப்பு உயிரொலிகளை எண்ணுவது. ஒற்று நீக்கி அடிக்கு 16 அல்லது 17 எழுத்தெண்ணும் நம் கட்டளைக் கலித்துறையே இதற்கு நெருங்கிய உறவு. பேச்சில் மறையும் எகரம், மெய்யொலிக்கு முன் எண்ணப்படும், அடியிறுதியில் எண்ணப்படாது.

ஓவியர் மரி லோரான்சனுடனான காதலைப் பின்னணியாகக் கொண்ட இக்கவிதை 1912இல் இதழில் வெளிவந்தபோது, ஒவ்வொரு கண்ணியும் பத்தசை கொண்ட மூன்று அடிகளால் ஆனது. 1913இல் ‘அல்கூல்’ தொகுப்பில் சேர்த்தபோது கவிஞர் இரண்டாம் அடியை நான்கும் ஆறுமாக வெட்டினார், நிறுத்தக்குறிகளையும் நீக்கினார். மூன்றடி நான்கடியாயிற்று.

இந்த வெட்டின் பயன் என்ன? முதற்கண்ணியின் நான்கசை அடியில் ‘எங்கள் காதல்’ என்னும் பொருள்படும் சொற்கள் தனித்து நிற்கின்றன. அக்காதல் முன்னடியின் ஆற்றோடு சேர்ந்து ஓடுகிறதா, பின்னடியில் வரும் நினைவுக்குரிய பொருளாகிறதா? இரண்டு வாசிப்புக்கும் இடமுண்டு. ஓடிப்போனதும் நினைவில் தங்குவதும் ஒன்றே என்பதை உவமையால் அன்று, அடிப்பிரிப்பால் கவிஞர் உணர்த்துகிறார்.

இயைபும் இதற்குத் துணைநிற்கிறது. ஆண்பால், பெண்பால் இயைபுகள் மாறிமாறி வரவேண்டும் என்பது பிரெஞ்சு மரபு. இங்கோ கண்ணியிலும், நான்கு முறை மீளும் ஏழசைப் பல்லவியிலும் பெண்பால் இயைபே வருகிறது. அடியிறுதி ஒலி ஆற்றுநீர்போல் தேய்ந்து நீள்கிறது. நான்கசை அடிகள் மட்டும் ஆண்பால் முடிவு கொண்டு, எதனோடும் இயையாமல் நிற்கின்றன. நாள்கள் கழியத் தான் மட்டும் எஞ்சுவதாகப் பல்லவியில் சொல்பவனின் தனிமையை நான் இவ்வடிகளில்தான் கேட்கிறேன்.

‘நிறுத்தக்குறி இல்லை, பல்லவி உண்டு, ஆறு காலத்தின் குறியீடு’ என்று எழுதும் மாணவர் முழு மதிப்பெண் பெறலாம், ஆனால் கவிதையைக் கேட்டிருக்க மாட்டார். ‘எத்தனை அசை?’ என்று வினவும் ஆசிரியர், ‘இங்கே ஏன் வெட்டினார்?’ என்றும் வினவவேண்டும். அந்த இரண்டாம் வினாவுக்கும் நம் வினாத்தாள்களில் இடம் வேண்டும்.