போர்ட் வைத்தவருக்குக் காய்ச்சல் வந்தால் விடியும்வரை பார்க்காதீர்கள்

வடமராட்சியில் இருக்கும் என் உறவுகளுக்கும் ஊரவர்க்கும்,

என் மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்த நாள்முதல் உங்களில் பலர் தொலைபேசியில் ஆறுதல் சொன்னீர்கள், கோயிலில் நேர்த்தி வைத்தீர்கள். இப்போது ஊரிலும் சிலருக்கு நெஞ்சில் கீமோ போர்ட் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதை வீட்டில் எப்படிப் பார்ப்பது என்று ஒரு மச்சாள் கேட்டாள். அவளுக்குச் சொன்னதை எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் வைத்துத் தைக்கும் சிறு குமிழ்தான் போர்ட். அதன் மூடி சிலிக்கோன். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று பெரிய நாளத்துக்குள் போய் இதயத்துக்குக் கிட்ட முடிகிறது. கைநரம்பை எரித்துப் புண்ணாக்கக்கூடிய மருந்து, அங்கே பெருகியோடும் இரத்தத்தில் உடனே கலந்துவிடும். காயம் ஆறி, ஊசி போடாமல் இருக்கும் நாட்களில் குளிக்கலாம், சமைக்கலாம், பேரப்பிள்ளையைத் தூக்கலாம். தாலிக்கொடி உரசினால் கழற்றி வையுங்கள். அதற்குக் குறை சொல்ல ஒருவருக்கும் உரிமையில்லை. வெட்டுக்காயம் ஆறும்வரை மஞ்சள், சந்தனம், எண்ணெய் எதையும் அதில் பூச வேண்டாம்.

இங்கே ஸ்காபரோவில் தாதி வீட்டுக்கே வருவார். மனைவியின் முகத்தை மறுபக்கம் திருப்பச் சொல்லி, தோலை மருந்தால் துடைத்து, அந்த ஈரம் தானாகக் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். ஊதுவதில்லை, விசுக்குவதில்லை. பிறகு ஹூபர் ஊசியைப் போடுவார். சாதாரண ஊசி சிலிக்கோனைப் பிய்த்துவிடும், ஹூபர் ஊசி பிய்க்காது. இரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டு, 10 மில்லிலீற்றர் சிரிஞ்சால் உப்புநீரைக் கொஞ்சம் தள்ளுவார், நிறுத்துவார், திரும்பவும் தள்ளுவார். "வாய் உப்புக் கரிக்குது" என்பாள் மனைவி. சிறிய சிரிஞ்ச் என்றால் அழுத்தம் கூடிக் குழாய் சேதப்படலாம். ஆகவே பழக்கமில்லாத ஒருவர் சாதாரண ஊசியோடு வந்து "நான் போட்டுவிடுறன்" என்றால், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் விடாதீர்கள்.

இனிச் சொல்வதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீடுகளில் காய்ச்சல் என்றால் பனடோல், மல்லித்தண்ணி, விடிந்ததும் பார்ப்போம் என்ற பேச்சு. போர்ட் உள்ளவருக்கு அது ஆகாது. கீமோ ஏற்றி ஏழு முதல் பதினாலு நாள் வரையில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துபோகும். அப்போது குழாயில் கிருமி சேர்ந்தால் நேரே இரத்தத்தில் இறங்கிவிடும். சில மணித்தியாலங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். பனடோல் சூட்டை மட்டும் மறைக்கும், கிருமி உள்ளே வளரும். காய்ச்சல்மானி 38 பாகை (100.4 பரனைட்) காட்டினால், அல்லது போர்ட்டில் மருந்து ஏற்றியதும் குளிர்ந்து நடுங்கினால், நடுச்சாமம் என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போனதும் முதல் வார்த்தையாக "கீமோ எடுக்கிறவர், போர்ட் இருக்கு" என்று சொல்லுங்கள். போர்ட் சிவந்து நொந்தாலோ, அந்தப் பக்கத்துக் கையோ கழுத்தோ வீங்கினாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

சிகிச்சை முடிந்தபின்பும் குழாய் அடைக்காமல் இருக்க அதைக் கழுவ வேண்டும். நாலு வாரத்துக்கு ஒருமுறை என்பது பழைய வழக்கம். இப்போது பல இடங்களில் மூன்று மாதம் வரை விடுகிறார்கள். உங்கள் கிளினிக் சொல்லும் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். சுகம் வந்த சந்தோஷத்தில் மறந்துபோவது இதைத்தான்.

இரவில் ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பற்றி இன்னொன்று. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் பலர் நாடு முழுக்க நடந்து காசு சேர்த்தார்கள். அந்த வாசல்வரை இரவில் ஒரு நோயாளியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம்மால் முடியாததல்ல. ஒவ்வொரு குறிச்சியிலும் எந்த நேரமும் வரக்கூடிய ஓட்டோக்காரர் ஒருவரை இப்போதே பேசி வையுங்கள். கீமோ எடுக்கும் வீட்டுக்கெல்லாம் ஒரு காய்ச்சல்மானி வாங்கிக் கொடுங்கள். செலவை எங்களிடம் கேளுங்கள். திருவிழாவுக்கு அனுப்புகிற நாங்கள் இதற்கும் அனுப்புவோம்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் ஊரவன்