நாற்று மருந்து தலைக்கு ஆகுமா?

சென்ற ஆண்டு எங்கள் தோட்டப் பள்ளி மாணவன் ஒருவன் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்தான். அவிழ்த்துப் பார்த்தேன். வட்டம் வட்டமாக முடி உதிர்ந்து, தோல் வெந்து சிவந்திருந்தது. படர்தாமரை என்று, செம்பனை நாற்றுக்கு அடிக்கும் பூஞ்சை மருந்தை அப்பா தடவிவிட்டாராம். வரச்சொல்லிக் கேட்டேன். “செடியில பூஞ்சை சாகுது, தலையில சாகாதா டீச்சர்?” என்றார்.

அவரைத் திட்ட வாய் வரவில்லை. கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறதே! படர்தாமரையும் பூஞ்சைதான். அதற்கு டாக்டர்கள் கொடுக்கும் ‘கிரிசியோபுல்வின்’ மாத்திரையும் செடிகொடிப் பக்கம் போய் வந்த மருந்துதான்.

இங்கிலாந்தில் வேர்ஹாம் என்னும் இடத்துத் தரிசு மண்ணில் பைன் போன்ற மரக்கன்றுகள் தேறவில்லை. காரணம் தேடிய பிரையன் குழுவினர், அம்மண்ணில் வாழும் பூஞ்சணம் ஒன்று மற்றப் பூஞ்சைகளைச் சுருட்டி முறுக்கும் பொருளைச் சுரப்பதை 1946இல் கண்டார்கள். 1939இல் லண்டனில் பிரித்தெடுத்த கிரிசியோபுல்வின்தான் அது என்று பிறகு தெரிந்தது. பயிருக்கு ஆகுமா என்று பார்த்தார்கள். சலாட் கீரையின் வேர் அதைக் குடித்து இலைக்கு ஏற்றியது. இலையில் பூஞ்சை அண்டவில்லை.

1958இல் ஜென்டில்ஸ் என்பவர் படர்தாமரை கண்ட கினிப் பன்றிகளுக்கு அதை வாய்வழி கொடுத்தார். குணமாயிற்று! உடம்பிலும் கீரையின் கதைதான். மருந்து இரத்தத்தில் ஏறி, புதிதாக முளைக்கும் முடியிலும் தோலிலும் தங்குகிறது. நல்ல முடி வளர்ந்து கெட்டது கழிய வாரக்கணக்கில் ஆகும். அரிப்பு நின்றதும் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறோமே, அங்கேதான் கெடுகிறது.

ஸ்டோரில் இருக்கும் கேன் மருந்து வேறு. இலைக்கென்று அளந்தது, ஒட்டுவதற்கும் கரைவதற்கும் என்னென்னவோ கலந்தது. பிள்ளையின் தலைக்கு அதை யாரும் சோதித்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. ‘அசோல்’ வகை மருந்துகள் இன்று வயலிலும் இருக்கின்றன, ஆஸ்பத்திரியிலும் இருக்கின்றன. நெதர்லாந்தில், வயல் மருந்துக்குப் பழகிப்போன பூஞ்சை நுரையீரலில் புகுந்து, டாக்டரின் மருந்துக்கும் மசியாமல் போனது.

எங்கள் மாணவனுக்குக் கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் விடாமல் விழுங்கினான். முடி வந்துவிட்டது. வீட்டுப் பூனைக்குட்டிக்கும் வட்டம் வட்டமாக ரோமம் உதிர்ந்திருப்பதை அப்பா அதற்குப் பிறகுதான் பார்த்தாராம்.